எட்டு வாட்டுக்கு ஏற்ற ஸ்பீக்கர்

பாட்டுக் கேட்க நான் வாங்கிய பழங்கால வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கியபோது என் இடுப்பு போட்ட சத்தத்தில் ராஜகோபுரத்துப் புறாக்கள் பறந்துவிட்டன. சத்தியம்! கனம் எருமைக்கன்று, சக்தியோ எட்டே வாட். தோதான ஸ்பீக்கர்தான் அமையவில்லை. திருவண்ணாமலையில் இருக்கிற ஜோடியெல்லாம் மாட்டிப் பார்த்தாயிற்று. எல்லாம் போர்வைக்குள் முனகின.

“பௌர்ணமிக்குள்ள ஒழுங்கா பாடலைன்னா பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடுவேன்” என்றாள் என் மனைவி ஜோதியம்மாள். சொன்னால் செய்வாள். என் ஸ்கூட்டர் அப்படித்தான் போனது.

பௌர்ணமியும் வந்தது. வெறுங்காலோடு கிரிவலம் முடித்து வேங்கிக்கால் வீட்டுக்குள் நுழைந்தால், அடுத்த வீட்டுத் தருமன் தன் ஆளுயர ஸ்பீக்கர்களோடு காத்திருந்தார்.

“நூறு வாட் தின்னுற பூதம் சார் இது. உங்க எட்டு வாட்டு இதுக்கு ஊறுகா.”

“மாட்டுய்யா, பாக்கலாம்!”

நாதஸ்வர ரெக்கார்டு சுற்றியது. பெட்டிக்குள் ஒரு கொசு நாதஸ்வரம் வாசித்தது. ஜோதி இரும்புக்காரனுக்காக வாசலைப் பார்க்கத் தொடங்கினாள்.

பதற்றத்தில் ஸ்பீக்கர் பின்னாலிருந்து ஒயர்களைப் பிடுங்கிவிட்டேன். வால்வு ஆம்ப்ளிஃபயர் ஓடும்போது செய்யவே கூடாத காரியம் அது. சத்தம் போக இடமில்லாமல் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும்.

“சார், ஓடிட்டிருக்குது சார்!” என்று தருமன் அலறினார்.

இரண்டு கையிலும் செம்புக்கம்பி. வெறுங்காலுக்கடியில் அப்போதுதான் துடைத்த ஈரத்தரை. கருகல் நாற்றம் வரவில்லை. நாதஸ்வரம் வந்தது. மலையையே அரையடி நகர்த்தும் நாதஸ்வரம்!

தருமன் பெட்டிகளில் காதை வைத்தார். அங்கே இல்லை. ஜோதி என் நெஞ்சில் காதை வைத்தாள். சட்டென்று விலகினாள்.

“ஏங்க… உங்களுக்குள்ளேர்ந்து வருதுங்க.”

கம்பிகளைக் கீழே போட்டேன். நிற்கவில்லை. பேச வாயைத் திறந்தேன். பேச்சுக்குப் பதில் நாதஸ்வரம், இன்னும் துல்லியமாக. ஆஹா, எட்டு வாட்டுக்குப் பொருத்தம் நான்தான்!

தருமன் வால்யூமைக் குறைத்தார். வாசிப்பு அடங்க அடங்க என் மூச்சும் அடங்கியது, நகங்கள் நீலமாயின. ஜோதி அவர் கையைத் தட்டிவிட்டுக் குமிழைத் திருப்பினாள். உயிர் திரும்பியது.

அப்போது பார்த்துத் தெருவில், “பழைய இரும்பேய்…”

“இங்க ஒண்ணும் இல்ல, போய்யா!” என்று ஜோதி கத்தினாள்.

ரெக்கார்டு முடிந்து ஊசியையும் தூக்கி வைத்தாயிற்று. வாசிப்பு முடியவில்லை. யார் வாசிக்கிறார் என்று தெரியாது. நடுநடுவே மூச்சு வாங்குகிறார். அது என் மூச்சில்லை.

நாளை காலை முதல் எங்கள் பக்கம் மாதாந்திர மின்தடை. மின்வாரியத்தில் இருந்தவரை எத்தனை தெருக்களை இருட்டாக்கியிருப்பேன், எனக்கே அது வருகிறது பாருங்கள்! ஜோதி இன்வெர்ட்டர் கடைக்கு ஓடியிருக்கிறாள். இப்போதுதான் போன் செய்தாள்.

“ஏங்க, எவ்ளோ நேரம் தாங்கணும்னு கேக்குறாங்க. என்னான்னு சொல்றது?”

வாயைத் திறந்தேன். நாதஸ்வரம்தான் போயிற்று.