முதல் முடி

"கதவத் தொறந்தே, அப்புறம் இந்த வீட்ல நான் இல்ல," என்றான் எர்மெலிந்தாவின் கணவன் தெயோஃபிலோ.

வெளியே நிக்கோலாசா நின்றிருந்தாள். "சண்டைக்கு வரல, எர்மெலிந்தா. குடுத்த வாக்குக்கு வந்தேன். போலீஸ் தேடுது, நாளைக்கு நான் வெளிய இருப்பேனோ என்னவோ."

எர்மெலிந்தாவின் மகன் பிறந்தபோதே, முதல் முடி நறுக்கி ஞானத்தாயாவதாகச் சொன்னவள் அவள். இதுவரை கத்தரி படாத முடி பையனின் தோளில் புரண்டது. அதை முதலில் நறுக்கும் கைதான் ஆயுளுக்கும் துணை. மலைநாட்டில் அது ரத்த உறவுக்கும் மேல்.

ஆனால் சுரங்கம் ஏரியைக் கெடுக்கிறது என்று சாலையை மறித்தவளும் அவள்தான். முதலில் தெருவே மறியலுக்குச் சூப் காய்ச்சிக் கொண்டுபோனது. நாளாக ஆக, மறித்த சாலையில் சமையல் சிலிண்டர் வரவில்லை, தெயோஃபிலோவின் லாரியில் உருளைக்கிழங்கு அழுகியது. சூப் கொடுத்த கைகளே அவள் கதவில் 'துரோகி' என்று தாரால் எழுதின. மனிதர்களின் நியாயம் அடுப்பு எரியும்வரைதான் போலும்.

அதனால் இன்றைய முடி நறுக்கலுக்குத் தெயோஃபிலோ ஞானத்தகப்பனாகச் சுரங்கத்து இன்ஜினியரை அழைத்துவிட்டான். அவர் ஒரு பெட்டி பாட்டில் தண்ணீரோடு வந்திருந்தார்.

"மறியல்காரிக்கு ஒறவு வேற கேக்குது!" என்று பக்கத்து வீட்டு பெத்ரோனிலா சோளக் கள்ளை உறிஞ்சினாள். தார் பூசியவள் அவளே.

முடியை நனைக்க எர்மெலிந்தா குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். இன்ஜினியர் பதறி எழுந்தார்.

"ஐயோ, அது வேணாம்மா! புள்ள கண்ணுல பட்டுறப் போவுது. பாட்டில் தண்ணிய ஊத்துங்க."

நல்ல மனதோடுதான் சொன்னார். பெத்ரோனிலா கள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப நாங்க தெனம் குடிக்கறது என்ன தண்ணி, சார்?"

இன்ஜினியர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். எர்மெலிந்தா பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். தெயோஃபிலோ அசையவில்லை.

"நறுக்குக்கா. சீக்கிரம்."

சுரங்கத்துப் பக்கமிருந்து போலீஸ் லாரிகள் இறங்கும் இரைச்சல் கேட்டது. ரிப்பன் கட்டிய முதல் கற்றையை நிக்கோலாசா நறுக்கி முடிப்பதற்குள் அவை வாசலில் நின்றன.

"இதுல நிக்கோலாசா யாரு?"

அவளைப் பிடித்துப்போகச் சொல்லிக் கூச்சலிட்ட தெரு அது. யாரும் வாய் திறக்கவில்லை. இன்ஜினியர்தான் விரலை நீட்டினார்.

லாரியில் ஏறும்போதும் அவள் கை அந்த முடியை விடவில்லை. அன்று மாலை பெத்ரோனிலா நிக்கோலாசாவின் வீட்டுக் கதவைத் தேய்க்கப் போனாள். எர்மெலிந்தாவும் சேர்ந்து தேய்த்தாள். தார் போகவில்லை.