சமையலறைக்குள் வந்த நிலம்

அண்ணன் உழுதால் மண் மாவாக இருக்கும் என்று ஊரே சொல்லும். அந்தப் பெருமை அவருக்கும் உண்டு. தங்கையோ நான்கு வருடமாகக் கலப்பையையே தொடவில்லை. ஊர் வாத்தியாரின் சரிவு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அறுத்த சோளத்தட்டையை அப்படியே விட்டு, அதன் நடுவே கீறி விதை போடும் ஒரு கருவியை வைத்துப் பயிர் செய்தாள்.

"வேர் போன வழி, மண்புழு போன வழியெல்லாம் தண்ணி உள்ள இறங்கும்ணே. உழுதா அதெல்லாம் அடைபட்டுரும்" என்றாள் ஒருமுறை.

"சோம்பேறிக்கும் ஒரு மெஷின் கண்டுபிடிச்சுட்டாங்கப்பா" என்று அண்ணன் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அதோடு நின்றிருக்கலாம். ஒரு நாள் வாத்தியாரிடமே போய், "நிலம் பாழாப்போகுது சார், தலை வாராத பிள்ளை மாதிரி கிடக்கு" என்று ஒரு வார்த்தை போட்டுவைத்தார். குத்தகை கைமாறியது. தங்கையிடம், "அவரே கூப்பிட்டுக் குடுத்தார்மா, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். அவள் "சரிண்ணே" என்றதோடு சரி.

மூன்று தடவை உழுது விதைத்தார். நாலாம் நாள் மதியம் மழை பிடித்தது. இரண்டு மணி நேரம்தான். சரிவின் அடியில்தான் தங்கையின் வீடு.

மண்வெட்டியோடு ஓடினார். சமையலறைக்குள் முழங்கால் அளவு சேறு. அதன் மேல் மருந்து தடவிய சிவப்பு விதைகள் கிடந்தன. அவர் விதைத்தவை. வீட்டை ஒட்டி அதே சரிவில் அவளுடைய சொந்த நிலம், தட்டைப் போர்வைக்குள் அசையாமல் இருந்தது. அதிலிருந்து வழிந்த தண்ணீரில் முகம் கழுவலாம்.

அவள் வட்டிலால் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தாள். அவரும் வெட்டி வெளியே கொட்டினார். நெடுநேரம் கழித்து, "நான்தான் வாத்தியார்கிட்ட சொன்னேன்" என்றார்.

"தெரியும். அவரே அன்னைக்கு ஃபோன் பண்ணிச் சொன்னாரு."

"அப்புறம் ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லணும். எதுக்குண்ணே?"

நாலு அறை கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். குனிந்த தலை நிமிராமல் வெட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் வாத்தியாரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்து, நிலத்தை அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்று தங்கையிடம் சொன்னார்.

"மேல்மண்ணு பூரா என் வீட்டுக்குள்ள இருக்கு. வெறும் சரிவை வாங்கி நான் என்ன பண்ண? கெடுத்தவன் நீ, தேத்திக் குடு."

மண்ணை டிரெய்லரில் ஏற்றி மேலே கொண்டுபோய்ப் பரப்பினார். தட்டையை வாங்கிவந்து மூடினார். பிறகு வாய் கூசிக் கூசி அவளுடைய கருவியைக் கேட்டார். கொடுத்தாள். அவர் ஓட்ட, அவள் பின்னாலேயே நடந்து, விரலால் கீறலைத் தோண்டிப் பார்த்தாள்.

"ஆழமாப் போகுது. கொஞ்சம் தூக்கு."

தூக்கினார். திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சாலையில் போன ஒருவர் வண்டியை நிறுத்தி, "என்னய்யா, உழாமலே விதைக்கிற?" என்றார்.

"உழுதேன். என் தங்கச்சி அடுப்படி வரைக்கும் போச்சு."

கேட்டவர் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை.

அடுத்த வருடம் குத்தகை அவளிடமே திரும்பியது. பழைய விளைச்சல் வர நாளாகும் என்று இருவருக்கும் தெரியும். அவள் அதைச் சொல்லிக்காட்டுவதில்லை. அவருக்கு அதுதான் தாங்கவில்லை.