ஓரம் தள்ளிப்போன சாலை

மல்லூரிலிருந்து ராசிபுரம் போகும் சாலை 1957ஆம் வருஷம் ஐப்பசி மாதத்தில் வளரத் தொடங்கியது. நாளுக்கு ஒரு விரற்கடை வீதம், இரண்டு பக்கமும். வளர்வதற்கு முந்தின நாள் அங்கே நான்கு பேர் செத்துப்போயிருந்தார்கள்.

அவர்களில் ஒருவன் அற்புதராஜ். சேலத்திலிருந்து ஜவ்வரிசி மூட்டை ஏற்றிப்போகும் லாரி டிரைவர். லாரியை நிறுத்த வசதியாக இருக்கட்டும் என்று சாலையிலிருந்து அறுபது தப்படி தூரத்தில் வீடு கட்டியிருந்தான். விபத்து என்று பார்த்தால் அது பெரிய விபத்தே அல்ல. எதிரே வந்த தீர்த்தகிரியின் மாட்டுவண்டியில் லாரி உரசிச் சக்கரத்தில் இரண்டு ஆரக்கால் முறிந்தது, அவ்வளவுதான். மாடுகளுக்குக்கூடக் கீறல் இல்லை. யார் பக்கம் மாறி வந்தது என்று இருவரும் நடுரோட்டில் நின்று சண்டை போட்டார்கள். உண்மையில் இருவருமே நடுவில்தான் வந்திருந்தார்கள். அந்தச் சாலையில் இடது பக்கம் என்பதை ஆட்டுக்கும் நோயாளிக்கும் விட்டுவிட்டு மற்ற எல்லோரும் நடுவில்தான் போவார்கள். வேடிக்கை பார்க்க வந்த இரண்டு பேரும் நடுவிலேயே நின்றுகொண்டார்கள்.

அற்புதராஜின் மனைவி அந்தோணிமேரி அரிசி களைந்த ஈரக்கையோடு வெளியே வந்து, புளியமரத்தடியில் நின்றபடி கூப்பிட்டாள். “ஏனுங்க, ஓரமா வந்து பேசுங்க.”

“இரு புள்ள, வாரேன்” என்றான் அவன். அப்போது நாமக்கல்லிலிருந்து ஒரு பஸ் வந்தது. அதுவும் நடுவில்தான் வந்தது.

கூப்பிட்டதோடு நின்றுவிட்டோமே, போய்க் கையைப் பிடித்து இழுத்திருக்கலாமே என்ற நினைப்பு அவளை அதற்குப் பிறகு ஒரு நாளும் விட்டுப் போகவில்லை.

சாலை அகலமாவதை முதலில் கண்டது பக்கத்துக் காட்டுக் குஞ்சம்மாள். அவளுடைய நிலக்கடலைக் காட்டில் ஒரு சால் அளவுக்குத் தார் ஏறியிருந்தது. செடிகள் தாருக்கு அடியில் பச்சையாகவே கிடந்தன. சங்கிலி பிடித்து அளந்துபார்த்த ஓவர்சியர், “அகலம் பண்ணச் சொல்லி உத்தரவு ஒண்ணும் வரலீங்களே” என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். மறு வருஷம் நடுவே சுண்ணாம்பில் கோடு போட்டார்கள், வருகிறவர்கள் ஒரு பக்கமும் போகிறவர்கள் ஒரு பக்கமும் ஓட்டட்டும் என்று. லாரிகளும் பஸ்களும் அந்தக் கோட்டை இரண்டு சக்கரத்துக்கும் இடையில் விட்டு, அதைவிட்டு விலகாமல் ஓடின. சாலை எண்பது அடி ஆனபோதும் எண்ணூறு அடி ஆனபோதும் எல்லோருக்கும் நடுவில் உள்ள பத்தடியே போதுமானதாக இருந்தது.

அங்கே சாவு விழுந்த நாட்களில் சாலை ஒரே ராத்திரியில் ஒரு பர்லாங்கு தாவியது. 1961க்குள் அப்படி ஏழு முறை தாவிவிட்டது. அந்தோணிமேரியின் அடுப்படித் தரை தாராகிவிட்டது. வெயில் காலத்தில் அம்மிக்கல் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்தது. கல்யாணமாகிச் சூரமங்கலத்தில் இருந்த மகள் இசபெல்லா வந்து அழைத்தபோது அவள் போகவில்லை. பிரேக் சத்தம் கேட்டால் ஓடுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்று சொன்னாள். ஓடவும் ஓடினாள். ஒவ்வொரு முறையும் கத்தினாள். அதுவரை ஒருவரும் ஓரத்துக்கு வந்ததில்லை.

1964 மாசியில் ஒரு நண்பகலில் இரண்டு லாரிகள் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டன. ஒரு கண்ணாடி மட்டும் உடைந்தது. வெள்ளியங்கிரி, மாரியப்பன் என்ற அந்த இரண்டு டிரைவர்களும் கீழே குதித்து ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். அந்தோணிமேரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

“ஓரமா வாங்க சாமி. கும்பிட்டுக் கேக்கறேன்.”

வெள்ளியங்கிரி நாலா பக்கமும் பார்த்தான். கண்ணுக்கு எட்டிய வரை தார். “ஓரம் எங்கீங்கம்மா இருக்குது?”

“எங்க ஊட்டு வாசலுக்காச்சும் வா.” அவள் அவன் மணிக்கட்டைப் பற்றி, ஆறு வருஷமாகச் சேர்த்து வைத்த பலத்தோடு இழுத்தாள். அவன் வந்தான். மாரியப்பன் மட்டும் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினான். இவர்கள் இருபது தப்படி நடந்திருப்பார்கள். பஸ் வந்த சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அதற்குள் நடுவில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். அவ்வளவு பெரிய சாலையில் மற்ற இடமெல்லாம் காலியாகக் கிடந்தது. வெள்ளியங்கிரி சொம்பை வைத்துவிட்டு எழுந்தான்.

“போவாத சாமி.”

“அவுரு பேருகூடத் தெரியாதுங்கம்மா. நாந்தானுங்க மொதல்ல சட்டையப் புடிச்சேன்” என்று சொல்லிவிட்டு நடந்து போய், அந்தக் கூட்டத்துக்கு நடுவில் மண்டியிட்டான். அவள் கையில் அவன் வியர்வை ஒட்டியிருந்தது. அவள் எழுந்து, அடுத்த பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு வேறு பஸ் வரவில்லை. பொழுது இறங்குவதற்குள் மாரியப்பன் பிணத்தை எடுத்தார்கள். வெள்ளியங்கிரி லாரியைக் கிளப்பி, சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே ஓட்டிப் போனான்.

ராத்திரி சாலை தாவியது. காலையில் குஞ்சம்மாள் மறுபடியும் வீட்டைப் பிரித்துத் தலைச்சுமையாகக் கிழக்கே கொண்டுபோனாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வண்டி பழுதாகி நின்றவர்கள் யாராவது ஓரம் எங்கே என்று விசாரித்தால், காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம், குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஊரார் வழி சொன்னார்கள்.