தோடி நீச்சே

நஸீர் மாஸ்டரின் வாயில் எந்நேரமும் பான் இருக்கும். டில்லி போகல் கடைத்தெருவில் அவர் நடத்திய கல்யாண பேண்டு வாத்தியக் கடையில் அந்தோணி சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பானுக்குப் பின்னால் இருக்கும் பற்களை அவன் பார்த்ததே இல்லை. மாஸ்டர் சொல்லும் வார்த்தைகள் பானுக்குச் சுங்கம் கட்டிவிட்டுத்தான் வெளியே வரும். பாதி எழுத்து சுங்கச்சாவடியிலேயே பிடிபட்டுப் போகும்.

"அந்தோணி! தோடி நீச்சே!"

அந்தோணி டிரம்பெட்டைக் கொஞ்சம் தாழ்த்தினான்.

"அரே, தோடி! தோடி நீச்சே!"

இன்னும் கொஞ்சம் தாழ்த்தினான். டிரம்பெட்டின் வாய் இப்போது மாஸ்டருடைய செருப்பை விசாரித்துக்கொண்டிருந்தது. மேல் சுரத்தைப் பிடிக்க அவன் உதட்டை அழுத்தினான். மோவாய் எலுமிச்சம்பழத் தோல் போலச் சுருங்கிக்கொண்டு மேலே ஏறியது. சுரம் பாதியில் கிழிந்தது, பழைய வேட்டி கிழிகிற சத்தத்தோடு.

மாஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் கீழேங்கறாருடா," என்றான் பெரிய டிரம் அடிக்கும் பச்சைமுத்து. மதராசி கேம்ப்பில் அந்தோணிக்குப் பக்கத்துக் குடிசை. அவனை மாஸ்டரிடம் கொண்டுவந்து சேர்த்ததும் பச்சைமுத்துதான்.

"கீழதான வச்சிருக்கேன். இதுக்கு மேல கீழ வச்சா குழி தோண்டணும். தோடான்னாதான கொஞ்சம்? இவரு தோடிங்கறாரே?"

"ஆம்பளைக்குத் தோடா, பொம்பளைக்குத் தோடி. இந்தியில சாமானுக்கெல்லாம் ஆண் பெண் உண்டுடா. டிரம்பெட்டு பொம்பளை போலருக்கு."

பச்சைமுத்து இந்தியில் ஒருமுறை சூடுபட்டவன். டில்லிக்கு வந்த புதிதில், மாப்பிள்ளை கோடியில் வருகிறார் என்று கேட்டு, அவ்வளவு பெரிய பணக்காரரா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றான். வந்தது ஒரு வெள்ளைப் பெண் குதிரை. கோடி என்றால் அதுதான் என்று தெரிந்த அன்றைக்கே, இனி இந்தி தன்னை ஏமாற்ற முடியாது என்று முடிவுகட்டிவிட்டான். அந்த முடிவை நம்பித்தான் அந்தோணியும் டிரம்பெட்டைத் தாழ்த்திக்கொண்டே போனான்.

ஏசியாட் விளையாட்டுப் போட்டி முடிந்த குளிர்காலம் அது. கல்யாண சீசன். முதல் டிரம்பெட் வாசிப்பவர் ராம்பூருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மாப்பிள்ளை குதிரையேறியதும் ஒற்றை டிரம்பெட் ஒரு நீளமான மேல் சுரத்தைப் பிடிக்க வேண்டும். அந்தச் சுரம் முடிந்த பிறகுதான் பேண்டு முழுக்கக் கிளம்பும். அந்த வேலை அந்தோணியின் தலையில் விழுந்தது. இரண்டு மாப்பிள்ளை ஊர்வலங்களில் சுரம் கிழிந்துவிட்டது. கூட்டம் சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை.

"சனிக்கிழமை லாஜ்பத் நகர் பராத்," என்றார். "சுர் ஃபட்டா, தோ கோட் உதாரோ."

சனிக்கிழமை ஊர்வலத்தில் சுரம் கிழிந்தால் கோட்டைக் கழற்று. அதற்குப் பச்சைமுத்துவின் உரை தேவைப்படவில்லை.

ஜரிகை வைத்த அந்தச் சிவப்புக் கோட்டை விட்டால் அந்தோணிக்கு வேறு போக்கிடம் இல்லை. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து செங்கல் சுமக்க யாரும் கூப்பிடுவதில்லை. கையில் மிச்சம் இருந்தது விழுப்புரத்துப் பக்கம் ஊர்க் கோயில் பேண்டில் கற்றுக்கொண்ட டிரம்பெட் மட்டும்தான். அங்கே தேருக்கு முன்னால் எப்படி ஊதினாலும் மாதா கோபித்துக்கொண்டதில்லை. லாஜ்பத் நகர்க்காரர்கள் மாதா இல்லை.

சனிக்கிழமை காலையில் குடிசை வாசலில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தான். மேலுதட்டில் டிரம்பெட்டின் ஊதுவாய் பதிந்த வளையம் நீலம் பாரித்திருந்தது. தொட்டால் சுரீர் என்றது. அழுத்தி அழுத்தி ஊதினால் மேலே ஏறும் என்று நம்பியதற்கு உதடு போட்ட முத்திரை. ராத்திரி கனவில்கூடக் கோட்டைத்தான் கழற்றினான். கழற்றக் கழற்ற உள்ளே இன்னொரு கோட்டு இருந்தது.

"தோடி நீச்சே, தோடி நீச்சே," என்று கண்ணாடியிடம் முணுமுணுத்தான்.

ஜங்புராவில் ஒரு பங்களாவில் பாத்திரம் தேய்த்துவிட்டு அவன் பெண்டாட்டி ராஜாத்தி வந்தாள்.

"என்னாயா, காலங்காத்தால கண்ணாடிய வையுற?"

"மாஸ்டர் சொல்றது. கொஞ்சம் கீழ, கொஞ்சம் கீழங்கறாரு. எத கீழ வைக்கறதுன்னுதான் தெரியல."

"என்னான்னு சொல்றாரு?"

"தோடி நீச்சே."

ராஜாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்க மேம்சாப் வூட்டுல சனிக்கெழமையானா இந்தக் கூத்துதான். அந்தம்மாக்கு மோவாயில முடி. நூலு வச்சிப் புடுங்க ஒருத்தி வருவா. 'டோடி ஊப்பர்'ம்பா, அந்தம்மா அண்ணாந்துக்கும். 'டோடி நீச்சே'ம்பா, குனிஞ்சிக்கும்."

"தோடியா?"

"தோடி இல்லய்யா, டோடி. தோடின்னா கொஞ்சம். டோடின்னா இது." சோப்பு நுரையோடு அவன் மோவாய்க்கட்டையைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள். "வாயில பான் இருந்தா எல்லாம் தோடிதான்."

அந்தோணி சவரக்கத்தியை மறுபடியும் மோவாய்க்குக் கொண்டுபோனான். பிறகு கண்ணாடியைப் பார்த்தான். உதட்டுக்குக் கீழே மழிப்பதற்காகத் தோலை இழுத்துப் பிடித்திருந்தான். மோவாய் தட்டையாகக் கீழே இறங்கி, வாயோரம் இரண்டும் இறுகி, நடு உதடு லேசாகக் கிடந்தது. கத்திக்கு இத்தனை வருஷமாகக் காட்டிய மரியாதையை டிரம்பெட்டுக்கு ஒருநாளும் காட்டவில்லை.

நுரையைத் துடைத்துவிட்டு டிரம்பெட்டை எடுத்தான். 'ம்' என்று சொல்வதுபோல உதட்டைச் சேர்த்து, மோவாயைக் கீழே இழுத்து ஊதினான். வெறும் காற்று வந்தது. இரண்டாவது தடவை நூல் மாதிரி ஒரு சுரம் மேலே போய், எட்டிப் பார்த்துவிட்டு, காணாமல் போயிற்று. அதற்குள் மோவாய் பழைய இடத்துக்கு ஓடி வந்துவிட்டது.

இப்போதுதான் உண்மையான பயம் பிடித்தது. பழைய கடையை மூடியாகிவிட்டது. புதுக் கடைக்குச் சரக்கு வந்து சேரவில்லை. பழையபடி ஊதினால் கிழியும் என்பது நிச்சயம். புதுசாக ஊதினால் சத்தமே வராமல் போகலாம். ஊதிப் பழகலாம் என்றால் சாயங்காலத்துக்கு உதடு மிஞ்சாது.

பஸ்ஸில் பச்சைமுத்துவிடம் சொன்னான். "டேய் பாவி, டோடின்னா மோவாடா."

"அப்ப தோடி?"

"கொஞ்சம்."

"அதத்தான நானும் சொன்னேன்!" என்றான் பச்சைமுத்து, நியாயம் தன் பக்கம் இருப்பவனைப் போல.

லாஜ்பத் நகர் சந்தில் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் வரிசையாக நின்றன. பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஊதுவாய் ஐஸ் மாதிரி இருந்ததால் அந்தோணி அதை அக்குளில் வைத்துச் சூடேற்றினான். முகத்தில் பூச்சரம் தொங்க, மாப்பிள்ளையைத் தாய்மாமன்கள் தூக்கிக் குதிரைமேல் வைத்தார்கள். குதிரைக்கு அந்த வெளிச்சமும் பட்டாசு நாற்றமும் பிடிக்கவில்லை. காதுகளை மடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து, அந்தோணிக்கு நேர் முன்னால் வந்து நின்றது.

மாஸ்டர் கிளாரினெட்டோடு திரும்பித் தலையசைத்தார். அந்தோணி டிரம்பெட்டைத் தூக்கினான். கோட்டுப் பொத்தான்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கனத்தன. 'ம்' என்று உதட்டைச் சேர்த்தான்.

அந்த நேரம் பார்த்து மாஸ்டர் குதிரையின் காதைக் கவனித்தார். கண்ணை உருட்டிக்கொண்டு கத்தினார்.

"கோடி! கோடி! ஆவாஜ் தோடி நீச்சே!"

சத்தத்தைக் கொஞ்சம் குறை, குதிரை மிரள்கிறது என்றார் அவர். ஆனால் அந்த நாள் முழுக்க அந்தோணியின் காது ஒரே ஒரு அர்த்தத்துக்குத்தான் கதவைத் திறந்து வைத்திருந்தது. மோவாய்! அவன் மோவாயை இருந்த பலமெல்லாம் கொடுத்துக் கீழே இழுத்தான்.

சுரம் வந்தது. எங்கேயும் கிழியாமல், நடுங்காமல், சந்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கம்பி இழுத்துக் கட்டியதுபோல நின்றது. மூச்சு தீரும்வரை நின்றது. பால்கனிகளில் ஜனம் எட்டிப் பார்த்தது.

குதிரையும் நின்றது, பின்னங்கால் இரண்டில்.

மாப்பிள்ளை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார். தாய்மாமன்கள் அவரைப் பழக்கூடை போல வாங்கி இறக்கினார்கள். குதிரை பின்பக்கமாகவே நடந்து ஷாமியானாவுக்குள் போய்விட்டது. அதன்பின் எங்கும் கூச்சல்.

"யார்யா ஊதினது? பேண்டுமாஸ்டர் எங்கே?" என்று இந்தியில் சீறிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுப் பெரிய தலைப்பாகை ஒருவர் வந்தார்.

அந்தோணி யாரும் சொல்வதற்கு முன்பே கோட்டின் மேல் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான். ஒரு பொத்தான் கழன்றது.

மாஸ்டர் தலைப்பாகைக்காரரின் தோளில் கை போட்டார். "சாப், அடி யாருக்கும் படவில்லை. ஊரில் எத்தனையோ பராத் போகிறது. கோடியே எழுந்து நின்று மாப்பிள்ளைக்குச் சலாம் வைத்த பராத் எது? நாளைக்கு மொஹல்லாத் தெருக்கள் முழுக்க உங்கள் பேச்சுத்தான்."

தலைப்பாகைக்காரர் பால்கனிகளை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். கோபத்தை என்ன விலைக்குத் தள்ளுவது என்று யோசிப்பவர் போல மீசையைத் தடவினார். மாப்பிள்ளை நடந்தே வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அவருக்கு அதில்தான் உயிர் வந்தது.

மாஸ்டர் அந்தோணியிடம் வந்தார். சாக்கடையோரம் குனிந்து பானைத் துப்பினார். முன் பற்களில் பாதிக்கு மேல் இல்லை. தன் மோவாயைப் பிடித்துக் காட்டி, "யே டோடி," என்றார். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் கடுகளவு இடைவெளியில் வைத்து, "யே தோடி. சம்ஜே?"

"சம்ஜா, மாஸ்டர்ஜி."

"பட்டன் லகாவோ."

அந்தோணி கழற்றிய பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

"கல் ஜல்தி ஆனா, சீக்கிரம் வந்துவிடு. நாளைக்கு வேறு மாப்பிள்ளை, அம்பாசடரில் வருகிறார். அது மிரளாது."

சொல்லிவிட்டு மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து புதுப் பான் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் அடக்கினார். ஊர்வலம் மறுபடியும் கிளம்பத் தயாரானது. பச்சைமுத்து டிரம்மை இழுத்து மாட்டினான். மாஸ்டர் கிளாரினெட்டைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்த்து, அந்தோணியிடம் என்னவோ சொன்னார்.

தோடியா, டோடியா? அந்தோணிக்குப் பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று டிரம்பெட்டையும் கொஞ்சம் தாழ்த்தி, மோவாயையும் கீழே இழுத்துக்கொண்டான்.