கடன் வாங்காத கிளாட்வின்

புன்னைக்காயலில் கடன் இல்லாத ஆள் யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட கிளாட்வின் வீட்டைத்தான் கை காட்டும். சொந்த வள்ளம், சொந்த இன்ஜின், சொந்த வலை. எந்த மீன் வியாபாரியிடமும் அவன் கை நீட்டியதில்லை. கூட விலை கேட்கிறவருக்கு மீனைப் போடுவான். மற்றவர்கள் முன்பணம் வாங்கிய வியாபாரி சொன்ன விலைக்கே போட்டுவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போவார்கள். இந்தப் பெருமையில் அவன் மனைவி ஆக்னசுக்கும் ஒரு பங்கு உண்டு. இல்லை என்று சொன்னால் மாதா தண்டிப்பாள்.

அந்தப் பெருமைக்கு ஐப்பசியில் கேடு வந்தது. ராத்திரி விரித்திருந்த வலையை ஒரு விசைப்படகு தான் இழுத்து வந்த மடிவலையோடு சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. யாருடைய படகென்று இருட்டில் தெரியவில்லை. விடிந்ததும் கிளாட்வின் சில மிதவைகளையும் கொஞ்சம் கயிற்றையும் தூக்கிக்கொண்டு கரையேறினான்.

ஆக்னஸ் அன்றைக்கே சொன்னாள். "மீனவர் சங்கத்துல எழுதிக் குடுத்தா வலைக்கு லோன் குடுக்காவளாம். வட்டியும் கம்மிதானாம். இந்த ஒரு தடவ வாங்குவோம்."

"ஏளா, கடன்ங்கிற பேச்சே இந்த வீட்டுல வேண்டாம். வேற வழி இருக்கு" என்றான் கிளாட்வின்.

அவன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவனுடைய அப்பா வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அது கழிவதற்கு முன்பே செத்துப்போனார். சவப்பெட்டியை மூடப்போகிற நேரத்தில் வியாபாரி வந்து நின்று, "மிச்சத்துக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மீசை முளைக்காத கிளாட்வின், "நான்" என்றான். அதைக் கழிக்க அவனுக்கு இளவயசு முழுக்க ஆனது. இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு ஆக்னசுக்கு மனப்பாடம். அதனால் அவள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டாள்.

முதலில் அவளுடைய கம்மல் போயிற்று. "அடகு வைப்போம், பொறவு திருப்பிக்கிடலாம்" என்றாள். அடகும் கடன்தான், விற்றால் வட்டி கிடையாது என்றான் அவன். வாஸ்தவம்தான். வட்டியும் கிடையாது, கம்மலும் கிடையாது. கப்பலில் வேலை பார்க்கும் அவள் தம்பி ரெக்சனிடம் கைமாற்றாகக் கேட்கலாம் என்று பார்த்தாள். மச்சினனிடம் வாங்கினால் கடனோடு மானமும் போகும் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தான்.

கம்மல் விற்ற காசு வலைக்குப் போதவில்லை. அதனால் நல்ல இன்ஜினை அடுத்த தெரு கிளைட்டனுக்கு விற்றான். அந்தப் பணத்தில் புது வலையும், யாரோ ஓட்டிச் சலித்த ஒரு பழைய இன்ஜினும் வாங்கினான். கிறிஸ்மஸ்வரை சமாளித்தார்கள். பழைய இன்ஜின் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் இருமும். மீன் கிடக்கிற தூரத்துக்கு அது போகாது. அது போகிற தூரத்துக்கு மீன் வராது. மீனில் பங்குக்குக் கூட வந்த ஆட்கள் எத்தனை நாள்தான் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்கள்? ஒவ்வொருவராகக் கிளைட்டன் வள்ளத்துக்கு மாறிக்கொண்டார்கள். கிளாட்வின் அவர்களைத் திட்டவில்லை.

பொங்கலுக்குப் பிறகு அந்த இன்ஜின் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அதைச் சரிபார்க்கக் காசு வேண்டும். காசுக்கு வலையை விற்றான்.

அன்றைக்கு ஆக்னசுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "வலைக்காக இன்ஜின வித்தீங்க. இப்பம் இன்ஜினுக்காக வலைய விக்கிதீங்க. வெறும் இன்ஜின வச்சி கடல்ல என்ன செய்யப் போறீங்க, ஊர்வலமா?"

"தூண்டில் போடுவேன். வேற வழி இருக்கு."

தூண்டிலுக்கு விழுந்தது சில நாள் டீசல் செலவுக்கும் போதவில்லை. தவக்காலத்தில் வள்ளமும் இன்ஜினோடு சேர்ந்து போயிற்று. அதை வாங்கியவன் கரையிலிருந்து இறக்கும்போது கிளாட்வினும் ஒரு கை பிடித்துத் தள்ளினான். ஆக்னஸ் அதைப் பார்க்க முடியாமல் கோயிலுக்குள் போய் உட்கார்ந்தாள். ஜெபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அவர்களுக்கு யாரிடமும் ஒரு ரூபாய் கடன் கிடையாது. அதைச் சொல்லி அரிசிக்கடை அண்ணாச்சியிடம் கால்படி அரிசி வாங்க முடியுமா?

வள்ளம் விற்ற காசு சாப்பாட்டுக்கே கரைந்ததும் ஆக்னஸ் கம்பெனிக்கு இறால் உரிக்கப் போனாள். விரலெல்லாம் வெந்து புண்ணானது. விசைப்படகுகளின் தடைக்காலம் முடியப்போகிறது, தூத்துக்குடியில் ஆள் எடுக்கிறார்கள் என்று அங்கேதான் கேள்விப்பட்டாள். வந்து சொன்னதும் கிளாட்வின் கடற்கரைவரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தான். தன் வலையை வாரிக்கொண்டு போன மாதிரிப் படகிலேயே ஏறுவதா என்று நினைத்திருப்பான். "போவோம். உழைச்சிச் சாப்பிடுததுல என்ன?" என்றான் கடைசியில்.

இருவரும் துறைமுகத்துக்குப் போனார்கள். பொன்னுதுரை என்பவரின் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். படகுக்குப் பக்கத்தில் மடிவலை குவிந்து கிடந்தது. ஆக்னசின் கண் தன்னை அறியாமல் அதற்குள் அவர்களுடைய பச்சை வலையின் துண்டைத் தேடியது. இல்லை. இருந்தாலும் என்ன செய்திருக்கப் போகிறாள்?

"புன்னக்காயல் கிளாட்வினா? நீ சொந்த வள்ளம் வச்சிருக்க சம்மாட்டில்லா?" என்றார் பொன்னுதுரை.

"வள்ளத்தக் குடுத்துட்டேன் அண்ணாச்சி. இனி உங்க படகுல தொழிலுக்கு வாரேன்."

"வா. உன்னய மாதிரி ஆளத்தான் தேடுதேன். முன்பணம் எவ்வளவு வேணும்?"

"முன்பணம் வேண்டாம் அண்ணாச்சி. எம் பங்க மட்டும் குடுத்தாப் போதும்."

பொன்னுதுரை சிரித்தார். அவன் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"ஏலே, அது சரிப்படாது. நீ வாங்கலன்னா நாளைக்கு பக்கத்துப் படகுக்காரன் கூடத் தாரேம்பான், நீ போயிருவ. எம் படகு ஆளில்லாம கெடக்கும். இங்கன எல்லாப் படகுலயும் இதான் வழக்கம். முன்பணம் வாங்குனவந்தான் ஆளு. அது கழியிற வரைக்கும் அவன் வேற படகுல கால் வைக்க மாட்டான்."

"நான் ஓட மாட்டேன் அண்ணாச்சி. மாதா சத்தியமா."

"மாதாவ எதுக்குல இழுக்க? எனக்குச் சத்தியம் வேண்டாம். பணத்த வாங்கிக்கோ."

மனுஷர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஆக்னஸ் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருப்பாள்.

கிளாட்வின் மற்றப் படகுகளிலும் கேட்டான். எல்லா இடத்திலும் அதே பேச்சு. ஒரு படகில், முன்பணம் வேண்டாம் என்கிறவன் எங்கேயோ தகராறு செய்துவிட்டு வந்தவனாக இருக்கும் என்று அவன் காதுபடவே பேசினார்கள். உச்சிவெயிலில் அவன் பொன்னுதுரையின் படகுக்கே திரும்பி நடந்தான். ஆக்னஸ் பின்னாலேயே போனாள். பொன்னுதுரை இரண்டு பேரைச் சாட்சிக்கு நிறுத்திப் பணத்தைக் கொடுத்தார். கிளாட்வின் தலையைக் குனிந்தபடி அதை வாங்கினான். அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் இப்படித்தான் நின்றிருப்பான் என்று ஆக்னஸ் நினைத்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் அவன் பணத்தை எடுத்து அவள் கையில் வைத்தான். புது வலை வாங்கினால் மிச்சம் இருக்கும். ஐப்பசியில் இது கையில் இருந்திருந்தால் இன்ஜினும் வள்ளமும் இருந்திருக்கும். கம்மலும் இருந்திருக்கும்.

"இத வச்சி என்னளா செய்ய?" என்றான். "வலை வாங்கி எங்கன கட்ட?"

'நான் அன்னைக்கே சொன்னேன்' என்ற வார்த்தை பல மாதமாக அவள் தொண்டையிலேயே நின்றது. சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கினாள். இந்த மனுஷனை இனி யாரும் எதுவும் சொல்லக்கூடாது, அவள் உட்பட.

"திருப்பிக் குடுத்துருவோமா?" என்று அவன் கேட்டான்.

"குடுத்துட்டு?"

அவன் வாயைத் திறந்தான். இந்த இடத்தில் அவன் எப்போதும் சொல்லுகிற ஒன்று உண்டு. எத்தனை முறை அதைக் கேட்டு எரிச்சல்பட்டிருக்கிறாள். இப்போது அவன் அதைச் சொல்லிவிட மாட்டானா என்று ஏங்கினாள். பொய்யாகவாவது சொல்லட்டும், எந்த வழியானாலும் கூடப் போய்விடலாம் என்றிருந்தது.

கிளாட்வின் ரோட்டைப் பார்த்தான்.

"பஸ்ஸு வந்துட்டு" என்றான். "ஏறு."