மூன்று முறை வயிற்றுப் புண்

போதை மீட்பு நிதி உதவிப் பிரிவு இரண்டாம் மாடியில், பிறப்பு இறப்புச் சான்றிதழ் வழங்கும் அறையை ஒட்டி இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அமர்ந்திருந்த எழுத்தர் எந்தப் படிவத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். குறைகள் அங்கேதான் பதுங்கியிருக்கும் என்பது அவருடைய நெடுநாள் அனுபவம்.

"உங்க வீட்டுக்காரர் எத்தனை வருஷமா குடிக்கிறார்?"

"பதினோரு வருஷம் சார்."

"பேப்பர்ல அப்படி இல்லையேம்மா. மூணு தடவை ஆஸ்பத்திரில சேர்ந்திருக்கார். மூணுமே வயித்துப் புண். மிளகாயை அப்படியே கடிச்சுத் தின்பாரோ?"

அவள் சிரிக்கவில்லை. சலவை நிலையத்தில் இஸ்திரி போட்டுக் காய்த்த விரல்களைக் கண்ணாடியின் விளிம்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த நிதி பொதுமக்கள் பணம். ஆகவே குடியால் குறைந்தது இரண்டு முறை மருத்துவமனையில் சேர்ந்ததற்குப் பதிவேட்டுச் சான்று இருந்தாலொழிய யாருக்கும் கிடைக்காது. மீட்பு இல்லத்தில் அவள் கணவனுக்காக ஒரு கட்டிலை வெள்ளிக்கிழமை வரை ஒதுக்கி வைத்திருந்தார்கள். உதவி இல்லாமல் அந்த இருபத்தெட்டு நாள் சிகிச்சையை அவளால் நினைத்துப் பார்க்கவும் இயலாது. "இப்படியே போனா அடுத்த வருஷம் எங்கிட்ட கூட்டிட்டு வர ஆள் இருக்காது" என்று ஈரல் மருத்துவர் சொல்லியிருந்தார்.

பொய் புகுந்த கதை எளியது. கணவன் லிஃப்ட் மெக்கானிக். குடித்ததாக ஒரு வரி பதிவானாலும் லிஃப்ட் குழிக்குள் இறங்கும் உரிமம் பறிபோகும். கணவனின் தங்கை அதே மருத்துவமனையின் பதிவறையில் எழுத்தராக இருந்தாள். மருத்துவரின் கிறுக்கலைப் பார்த்துப் பதிவேட்டில் தெளிவாக எழுதுவது அவள் வேலை. முதல் முறை அண்ணி அழுது கேட்டாள். நாத்தனார் மாற்றி எழுதினாள். இரண்டாம் முறை இருவரும் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். மூன்றாம் முறை யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மருத்துவரின் மூலத் தாள்கள் ஆண்டுதோறும் அழிக்கப்பட்டன. எஞ்சியது நாத்தனாரின் அழகிய கையெழுத்து மட்டும். சென்ற மாதம் அவன் கை நடுங்கி நழுவவிட்ட ஸ்பேனர், கீழே நின்ற தொழிலாளியின் தோளை உரசி விழுந்தது. அன்றோடு உரிமம் போயிற்று. எதைக் காப்பதற்காகப் பொய் எழுதினார்களோ அது போனபின்பும் பொய் அங்கேயே இருந்தது.

"எழுதினவங்களே வந்து, தெரிஞ்சே மாத்தி எழுதினேன்னு எழுதிக் கொடுத்தா ஏத்துக்கலாம்," என்றார் எழுத்தர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒரு நகல் ஆஸ்பத்திரிக்கும் போகும். இருக்கிற வழியைச் சொன்னேன். அதுல போங்கன்னு சொல்லல."

இரண்டு நாள் அவள் எங்கும் போகவில்லை. வியாழக்கிழமை மதியம் பதிவறைக்குப் போனாள். கூரை தொடும் இரும்பு அடுக்குகளுக்கு நடுவே நாத்தனார் ஒரு ஸ்டூலில் அமர்ந்து கோப்புகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி. மறுபடியும் வயித்துப் புண்ணா?"

அண்ணி விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் பசை டப்பாவை மூடினாள்.

"அன்னிக்கு, 'பாப்பா, மாத்தி எழுது'ன்னு அழுதீங்க. இன்னிக்கு மாத்தினதை மாத்தி எழுதணுமா? நான் என்ன சிலேட்டா, அழிச்சு அழிச்சு எழுத?"

"தப்பு என்னோடதுதான்."

"உங்க தப்பு, என் கையெழுத்து. நல்ல பாகப்பிரிவினை!"

"கேட்கக்கூடாதுன்னு ரெண்டு நாள் வீட்டுலயே கிடந்தேன்."

"மூணாவது நாள் கால் தானா நடந்து வந்துடுச்சாக்கும்." அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தட்டினாள். "என் பொண்ணு பத்தாவது படிக்கிறா அண்ணி. அவங்கப்பன் போனதுக்கப்புறம் இந்த ஸ்டூல்தான் எங்களுக்கு வீடு, வாசல் எல்லாம். அண்ணனைக் காப்பாத்த இதை எடுத்துக் கொடுன்னா, நான் எதுமேல உட்காருவேன்?"

அண்ணி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உட்காருங்க. டீ சொல்லியிருக்கேன். நம்ம குடும்பத்துல யாராவது டீயோட நிறுத்திப் பழகணும்."

இருவரும் தேநீரைக் குடித்தார்கள். சரி என்றோ முடியாது என்றோ நாத்தனார் சொல்லவில்லை.

மறுநாள் அலுவலகம் திறக்கும் முன்பே அண்ணி வந்தபோது, நாத்தனார் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். மூன்று தேதிகள், மூன்று சேர்க்கைகள், மூன்று திருத்தங்கள். தன் வாக்குமூலத்தை ஒரு அடித்தல் இல்லாமல் எழுதியிருந்தாள். எழுத்தர் வழக்கப்படி கடைசி வரியிலிருந்து தொடங்கி மேல்வரை படித்துவிட்டுத் தாளைக் கண்ணாடியின் துளை வழியே திரும்ப நீட்டினார்.

"நான் இன்னும் சீல் போடலம்மா. எடுத்துட்டுப் போறதுன்னா போங்க. நான் எதையும் பார்க்கல."

"நல்லா பாருங்க சார். தேதி ஏதாவது தப்பாயிருந்தா சொல்லுங்க," என்று அவள் தாளை உள்ளே தள்ளினாள்.

கீழே இறங்கும்போது அண்ணியின் கையைப் பிடித்தாள். "அண்ணன்கிட்ட மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா, ஐயோ தங்கச்சின்னு அந்தத் துக்கத்துக்கே ஒரு பாட்டில் வாங்குவான்."

அன்று மாலை அவனை மீட்பு இல்லத்தில் சேர்த்தார்கள். முதல் ஏழு நாள் யார் வேண்டுமானாலும் தம் விருப்பப்படி வெளியேறலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அப்படி வெளியேறியவருக்கு அந்த நிதி இரண்டாம் முறை கிடையாது.

திங்கட்கிழமை மருத்துவமனை நாத்தனாரைப் பணிநீக்கம் செய்தது. செவ்வாய்க்கிழமை அண்ணி கணவனின் துவைத்த துணிகளை மீட்பு இல்லக் காவலாளியிடம் கொடுக்கப் புறப்பட்டபோது அவளும் கூட வந்தாள். "வீட்டுல சுவரைப் பார்க்கிறதுக்கு அங்க வந்து கேட்டைப் பார்க்கிறேன்." வாயிலுக்கு எதிரே, பேருந்து நிறுத்தத்தின் சிமெண்ட் பெஞ்சில் இருவரும் அமர்ந்தார்கள்.

பதினோரு மணி இருக்கும். சிறிய கதவு திறந்தது. அவன் பையோடு நின்றான். நான்கு நாளில் சட்டை ஒரு சுற்றுப் பெரிதாகிவிட்டதுபோல் தொங்கியது. மனைவியைக் கண்டதும் சாலையைக் கடந்து வந்தான்.

"முடியலடி. ராத்திரி பூரா சுவருக்குள்ள லிஃப்ட் கயிறு ஓடுற சத்தம். காதைப் பொத்தினா தலைக்குள்ள ஓடுது. வா, போயிடலாம்."

அப்புறம்தான் தங்கையைக் கவனித்தான்.

"பாப்பா? நீ என்ன இந்நேரத்துல இங்க? டூட்டி இல்ல?"

அவள் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். லீவு என்ற சொல் அண்ணியின் நாக்கு நுனிவரை வந்தது. பதினோரு ஆண்டுகளில் அத்தகைய சொற்களுக்கு அந்த நாக்கு நன்றாகப் பழகியிருந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"வேலை போயிடுச்சு. மூணு வயித்துப் புண்ணும் குடிதான்னு எழுதிக் கொடுத்தா. அதனாலதான் உங்களுக்கு இந்தக் கட்டில்."

அவன் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பாப்பா."

"நீ எதைண்ணே எங்களைக் கேட்டுட்டுச் செஞ்ச?"

எதிர்ப்புறமிருந்து காவலாளி குரல் கொடுத்தார். "சார், உள்ளயா, வெளியயா? கேட்டைத் தொறந்தே போட்டு வைக்க முடியாது. வெளியன்னா வந்து ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

பெஞ்சில் இன்னும் ஒருவர் அமர இடமிருந்தது. அவன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு திரும்பிச் சாலையைக் கடந்தான். கதவு சாத்தும் ஓசை கேட்டது. குடியை விட்டுவிடலாம் என்ற நம்பிக்கை அவனைத் திருப்பி அனுப்பியதாகச் சொல்ல முடியாது. அந்த இருவருக்கும் பக்கத்தில் உட்கார அவனால் முடியவில்லை, அவ்வளவே.

கதவைப் பார்த்தபடியே நாத்தனார் கேட்டாள்.

"நாளைக்கும் வெளிய வருவானா அண்ணி?"

"வருவார்."

"சரி. நாளைக்கும் இங்கயே வந்து உட்கார்றேன். எனக்கென்ன, டூட்டியா கெட்டுப் போகுது."