மூன்றாம் சரணம்

ஆல்பம் வெளியான அன்று காலையிலிருந்தே குருவிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளுக்கு வேலை. வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த ஃபிரேமின் வடிவத்துக்கு லென்ஸைத் தேய்த்துப் பொருத்தித் தர வேண்டும். அன்று லென்ஸை இயந்திரத்தில் மாட்டிவிட்டுக் கைபேசியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், வலது கண்ணுக்கானதை இடது பக்கத்துக்குத் தேய்த்து வைத்திருந்தாள்.

"உனக்கு இன்னிக்கு லீவே குடுத்திருக்கலாம். லென்ஸாவது மிச்சமாயிருக்கும்," என்றார் கடை முதலாளியம்மா.

குருவி என்பது வீட்டில் அவளுடைய அண்ணன் வைத்த பெயர். அதுவே பள்ளிக்கூடத்துக்கும் போய், பிறகு மேடைக்கும் வந்துவிட்டது. 'ஈரச்சுவர்' என்ற அவர்களுடைய ராக் குழுவில் மூன்றே பேர். பாட்டு எழுதி, கிடார் வாசித்துப் பாடுவது அவள். டிரம்ஸ் தடியன், ஒல்லிக்குச்சி உடம்பைப் பார்த்து எவனோ வைத்த பெயர். பேஸ் கிடார் வாசிப்பவர் பள்ளியில் பௌதிகம் நடத்துகிறவர், அதனால் வாத்தியார். அவர்களுடைய முதல் ஆல்பத்தைக் கேட்டவர்கள் எல்லோரையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம். இரண்டாவதை வாத்தியார் வீட்டுச் சாமான் அறையில், சுவரெல்லாம் மெத்தையைச் சாய்த்து வைத்து, வேர்த்து விறுவிறுத்துப் பதிவு செய்திருந்தார்கள்.

மதியத்துக்குள் அபிப்பிராயங்கள் வர ஆரம்பித்தன. 'சத்தம் ஜாஸ்தி, வார்த்தை புரியல' என்றார் ஒருவர். 'பழைய ஈரச்சுவர்தான் நல்லா இருந்துச்சு' என்றார் வேனில் ஏறியவர்களில் ஒருவர். சாயங்காலம் யாரோ எழுதினார்கள்: 'ஆறாவது பாட்டைக் கேளுங்கப்பா. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது. எங்க வீட்டுக்காரரை அப்படியே உரிச்சு வச்சிருக்காங்க.'

அதைப் படித்ததும் குருவி கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

ஆறாவது பாட்டின் பெயர் 'தானா சரியாயிடும்'. அது அவளுடைய அண்ணனின் வாய்ச்சொல். அண்ணன் வாஷிங் மெஷின் மெக்கானிக். அடுத்தவர் வீட்டு மெஷினின் சத்தத்தைப் போனில் கேட்டே எந்தப் பாகம் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவான். தன் வீட்டில் மட்டும் எது கெட்டாலும் பதில் ஒன்றுதான்: தானா சரியாயிடும். பாட்டின் முதல் சரணத்தில் குழாய் ஒழுகியது. இரண்டாவதில் ஸ்கூட்டருக்கு பிரேக் பிடிக்கவில்லை. மூன்றாவது சரணம் இது:

அப்பா கால் வீங்கிச்சு, செருப்புக்குள்ள நுழையல,
அண்ணன் ஓடிப்போய்ப் பெரிய செருப்பு வாங்கினான்,
தானா சரியாயிடும், தானா சரியாயிடும்.

அப்பாவின் கால் அப்படி வீங்கியதற்குக் காரணம் சிறுநீரகம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இரண்டுமே கைவிட்டிருந்தன. அவர் போய் இரண்டு வருடமாகியும் அண்ணனிடம் அவள் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. சொல்ல முடியாததை எழுதினாள். மெதுவாகப் பாடினால் மூன்றாவது சரணத்தில் அழுதுவிடுவாள். "வேகமா அடிச்சுப் பார்க்கலாமா?" என்று கேட்டான் தடியன். வேகமாக அடித்தான். அழுகை வரவில்லை. பாட்டு பதிவாகிவிட்டது. துள்ளலாக வேறு அமைந்துவிட்டது.

அடுத்த வாரம் ஊரே அதைப் பாடியது. ஒழுகும் கூரை, ஓடாத லிப்ட், வராத பேருந்து என்று எதைப் படம் பிடித்தாலும் பின்னணியில் குருவியின் குரல் ஒலித்தது. செருப்பு வரி வரும்போது மட்டும் ஒரு கல்லூரிக் கும்பல் ஒற்றைச் செருப்பைக் கழற்றித் தலைக்கு மேல் ஆட்டிப் படம் போட்டது. அதைப் பார்த்து இன்னொரு கும்பல். அப்புறம் குடும்பம் குடும்பமாக ஆட்டினார்கள்.

"என் தங்கச்சி பாடினதுங்க," என்று அண்ணன் போகிற வீட்டிலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். பல்லவியை மட்டும் ரிங்டோனாக வைத்திருந்தான். "என் டயலாக்கைத் திருடிட்டா பாரு!" என்று அவனுக்கு ஒரே பெருமை.

ஒரு நாள் மதியம் அண்ணி கடைக்கு வந்தாள். தபால் அலுவலகக் கவுண்டரில் வேலை பார்க்கிறவள், சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்திருந்தாள். கண்ணாடியின் காது கொக்கி தளர்ந்துவிட்டது என்று முதலாளியம்மாவிடம் சொல்லிப் பின்னறைக்கு வந்தவள், கண்ணாடியைக் கழற்றவேயில்லை.

"பாட்டு முழுசா உங்க அண்ணன் இன்னும் கேக்கல, குருவி. பல்லவி வந்ததும் குஷியாகி அதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கறார்."

குருவி கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"நான் முதல் நாளே கேட்டுட்டேன். அடுப்புல வச்சது தீஞ்சதுகூடத் தெரியல. வண்டியில அவர் போட்டா, பாதியில நான் பேச்சுக் குடுத்துக் குடுத்து நிறுத்தறேன். எத்தனை நாளைக்கு இப்படி நிறுத்த முடியும்?"

"நான் சொல்லிடறேன், அண்ணி."

"என்னன்னு சொல்லுவ?"

குருவி ஸ்க்ரூ டிரைவரை மேஜையில் வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். அண்ணி கிளம்பும்போது சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை உங்க கச்சேரிக்கு வரார். புதுச் சட்டை எடுத்து வச்சிருக்கார்."

அன்று ஒத்திகையில் குருவி ஒரு பாட்டைக்கூட முழுதாகப் பாடவில்லை. கேபிளைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். கடைசியில், ஞாயிற்றுக்கிழமை ஆறாவது பாட்டு வேண்டாம் என்றாள்.

"விளையாடறியா? அந்தப் பாட்டுக்காகத்தான் கூட்டமே வருது," என்றான் தடியன்.

"எங்க அண்ணன் வரான்டா."

"வரட்டுமே. அவரே பாடிட்டுதானே திரியறார்?"

"மூணாவது சரணம் அவனுக்குத் தெரியாது."

தடியன் குச்சிகளைக் கீழே வைத்தான். வாத்தியார்தான் ஒரு வழி சொன்னார்: "மூணாவதை விட்டுடலாம். ரெண்டாவது முடிஞ்சதும் நேரா பல்லவிக்கு வந்துடு. யாரும் கவனிக்க மாட்டாங்க."

ஞாயிறு மாலை. திறந்த மைதானம், வெளிச்சம் இன்னும் போகவில்லை. மேடையிலிருந்து பார்த்தபோது அண்ணன் ஒலிப்பெருக்கிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான், புதுச் சட்டையின் மடிப்புகூடக் கலையாமல். பக்கத்தில் நின்றவரிடம் அவளைக் கைகாட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணி அவன் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

ஆறாவது பாட்டு. குழாய் ஒழுகியது, கூட்டம் குதித்தது. பிரேக் பிடிக்கவில்லை, கூட்டம் கத்தியது. இரண்டாவது சரணம் முடிந்ததும், பேசி வைத்தபடி மூவரும் நேராகப் பல்லவிக்குத் திரும்பினார்கள்.

கூட்டம் திரும்பவில்லை.

ஒரு கணம் எல்லாம் குளறுபடியாக இருந்தது. அவள் ஒன்று பாட, கூட்டம் வேறொன்று பாடியது. அத்தனை பேரின் குரலுக்கு முன்னால் அவளுடைய ஒலிவாங்கி எடுபடவில்லை. அப்பா கால் வீங்கிச்சு என்று மைதானமே பாடியது. செருப்புகள் மேலே எழுந்தன. ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, பூப்போட்ட செருப்பு. சிரிப்பும் விசிலுமாக அந்த வரியை இரண்டு முறை பாடினார்கள், அவர்களுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. தடியன் என்ன செய்வதென்று தெரியாமல் அவர்களுக்கே தாளம் போட்டான்.

குருவி பாடுவதை நிறுத்திவிட்டாள். அண்ணன் முகத்தில் முதலில் சிரிப்புத்தான் இருந்தது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று சேர்ந்துகொண்ட சிரிப்பு. பிறகு அவன் உதடுகள் அந்த வார்த்தைகளைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தன. சுற்றிலும் ஆடிய செருப்புகளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, கூட்டத்தை விலக்கி விலக்கி வெளியே நடந்தான்.

கிடாரைக் கழற்றாமலே அவள் மேடையின் பின்பக்கமாக ஓடினாள். வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தில் அவன் வேலைக்கு எடுத்துப் போகும் வேனைக் கிளப்பிவிட்டிருந்தான். ஜன்னல் கண்ணாடியை இறக்கினான்.

"கூட்டம் நல்லா வந்திருக்கு," என்றான். அவ்வளவுதான். அண்ணி ஏறிக் கதவைச் சாத்தக்கூட நேரம் தரவில்லை.

அதற்குப் பிறகு அவள் போனை அவன் எடுக்கவில்லை. ரிங்டோனையும் மாற்றிவிட்டதாக அண்ணி சொன்னாள்.

குருவி குழுவின் பக்கத்தில் எழுதினாள்: 'மூன்றாவது சரணம் எங்கள் அப்பாவைப் பற்றியது. தயவுசெய்து செருப்பைத் தூக்காதீர்கள்.' அதை எழுதிவிட்டு வீட்டுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தாள். நிறையப் பேர் மன்னிப்புக் கேட்டார்கள். 'அப்படின்னா ஏன் டப்பாங்குத்துல போட்டீங்க?' என்று ஒருவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. 'ஆல்பம் ஓடறதுக்கு இப்ப அப்பாவையும் இழுக்கறாங்க' என்றார் இன்னொருவர். ஒரு பெண் மட்டும் தனியாக எழுதியிருந்தாள்: 'எங்கம்மாவுக்கு இருமல். நாங்களும் பார்த்துக்கிட்டேதான் இருந்தோம். எல்லாரும் சிரிக்கறப்ப எனக்கு மட்டும்தான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்.' அவளுக்குப் பதில் எழுத ஆரம்பித்து, அழித்து, ஆரம்பித்து, கடைசியில் அனுப்பாமலே விட்டாள்.

அடுத்த கச்சேரியில் அந்தப் பாட்டைப் பாடவில்லை. கூட்டம் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு எரிச்சலாகி, பாதி கலைந்தது.

"நீ எழுதின, நான் அடிச்சேன், அவங்க கேட்டாங்க," என்றான் தடியன், டிரம்ஸை மூட்டை கட்டிக்கொண்டே. கோபம் இருந்தாலும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். "இனிமே அது யாரு பாட்டுன்னு எனக்குப் புரியல. ஆனா உன் ஒருத்தி பாட்டு மட்டும் இல்ல, குருவி. மொதல்ல உங்க அண்ணனைப் போய்ப் பாரு. எங்களை வதைக்காத."

மறுநாள் காலையிலேயே போனாள். கதவைத் திறந்த அண்ணி ஒன்றும் கேட்காமல் உள்ளே கைகாட்டினாள். கூடத்தில் யாருடைய வீட்டு மெஷினோ பின்பக்கம் திறந்து கிடந்தது. அண்ணன் தரையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"டார்ச்சைப் பிடி," என்றான்.

பிடித்தாள்.

"இன்னும் கீழ."

பெல்ட் மாட்டியாயிற்று. அவன் கையைத் துணியில் துடைத்தான். விரல் விரலாக வெகுநேரம் துடைத்தான்.

"அந்தச் செருப்பு அளவு சரியா இருந்துச்சு," என்றான். "அப்பாவோட பழைய நம்பர் போதாதுன்னு தெரியும். எந்த நம்பர்னு தெரியல. தூங்கறப்ப கால்ல நூல் வச்சு அளந்து எடுத்துட்டுப் போனேன் கடைக்கு. அப்பா காலை அவ்வளவு கிட்டத்துல பார்த்திருக்கேன். அழுத்தினா குழி விழுந்துச்சு. அப்பவும் செருப்புக் கடைக்குத்தான் போயிருக்கேன், பாரு."

"அண்ணா..."

"திட்டணும்னா வீட்டுக்கு வந்து திட்டியிருக்கலாம்ல? எவன் எவனோ செருப்பைத் தூக்கிக் காட்டறான். யாருன்னே தெரியாம காட்டறான். நானும் நடுவுல நின்னு சிரிக்கறேன்."

"அவங்க சிரிப்பாங்கன்னு நான் நெனக்கல."

"நீ என்ன நெனச்ச?"

அவள் டார்ச்சை அணைத்தாள். "நீ கேப்பேன்னு நெனச்சேன். தனியா, ஒரு நாள். கேட்டுட்டு நீயா வந்து பேசுவேன்னு."

அவன் எழுந்தான். முகம் சிவந்திருந்தது. "சரி, கேட்டுட்டேன். மூணு சரணமும் கேட்டுட்டேன், பதினஞ்சு தடவை கேட்டேன். குழாய்ல நான் இருக்கேன், ஸ்கூட்டர்ல நான் இருக்கேன், அப்பா கால்ல நான் இருக்கேன். நீ எங்க? அந்த வீட்டுலதானே நீயும் இருந்த? உன் ரூம் வாசல்லதானே அப்பா செருப்பைக் கழட்டுவார்?"

குருவி அறையின் மறுபக்கம் போனாள். ஜன்னல் கம்பியைப் பிடித்தாள், விட்டாள். திரும்பி வந்தாள்.

"இருந்தேன்," என்றாள். "பார்த்தேன். எனக்குப் பயமா இருந்துச்சு. நீ ஒண்ணுமில்லேன்னு சொன்னது வசதியா இருந்துச்சு. நீ சொல்லிட்டேல்லன்னு நான் பாட்டுக்குக் கிடாரை எடுத்துட்டுக் கிளம்பிட்டேன்."

"அதை எழுது அப்ப."

"முடியல. எழுதினா இவங்க அதுக்கும் ஆடுவாங்க."

"என் கதைக்கு மட்டும் ஆடலாமா?"

அப்புறம் இருவரும் கத்தினார்கள். எந்த மாதம் வீக்கம் ஆரம்பித்தது, முதலில் பார்த்தது யார், அப்பாவே ஆஸ்பத்திரி வேண்டாம் என்றது எப்போது என்று இத்தனை நாள் பேசாததையெல்லாம் ஒரே மூச்சில் பேசினார்கள். இருவர் நினைவிலும் மாதங்கள் ஒத்துப்போகவில்லை. எதிர்வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். அண்ணி சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், தடுக்கவில்லை.

கத்தி ஓய்ந்தபோது இருவருமே தரையில் உட்கார்ந்திருந்தார்கள், மெஷினில் சாய்ந்துகொண்டு. அவள் மூக்கை உறிஞ்சினாள். அண்ணன் கையைத் துடைத்த துணியை நீட்டி, அதில் கிரீஸ் இருப்பதைப் பார்த்துத் திரும்ப இழுத்துக்கொண்டான்.

"பாட்டை மேடையில பாடலாம், பாடாம இருக்கலாம்," என்றான். "நான் வந்து நிக்க மாட்டேன். எனக்கு முடியாது."

"சரி."

"ஆல்பத்துல மத்த பாட்டெல்லாம் கேட்டேன். நாலாவது நல்லா இருக்கு."

"அதை யாருமே கேக்கல."

"நான் கேட்டேன்னு சொல்றேன்ல."

பிறகு அவன் மெஷினைப் பார்த்தபடியே கேட்டான்: "ஆஸ்பத்திரியில கடைசி ரெண்டு ராத்திரி நீதான் இருந்த. அப்பா உன்கிட்ட என்ன பேசினார்? நான் கேட்டதே இல்ல."

அவள் வாயெடுப்பதற்குள் அவன் போன் அடித்தது. மெஷினுக்குச் சொந்தக்காரர். "இன்னிக்கு வராதுங்க," என்றான் அண்ணன். "இல்லங்க, நாளைக்குக் கொண்டாந்து தரேன். வீட்டுல ஒரு வேலை." போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான்.

"சொல்லு," என்றான்.